காற்று வரும் தெற்கு, தண்ணீர் போகும் தெற்கு

1. எருமை நகர்ந்த காலை

கொடைக்கானல் வானிலை நிலையத்தில் காலை அளவீடு எடுக்கப் போகிறவர் முதலில் வானத்தைப் பார்க்கக் கூடாது. மழைமானிக்குப் பக்கத்தில் காட்டெருமை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. அதனால் உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நின்றது. கார்த்திகை மாதம், நசநசவென்று தூறல். வெப்பமானிகளை வெயிலும் மழையும் படாமல் வைக்கும் வெள்ளை மரப்பெட்டியை நாங்கள் ஸ்கிரீன் என்போம். அதன் வேலியில் எருமை நிதானமாகக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் மகளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

பவித்ரா கடலியல் படித்தவள். ஆராய்ச்சிக் கப்பலில் வேலை. அப்போது கடலூருக்குக் கிழக்கே நடுக்கடலில் இருந்தாள். கப்பலில் செயற்கைக்கோள் இணையம் உண்டு.

"அம்மா, குட் மார்னிங். கடல அளக்குற எங்க மிதவை ஒண்ணு கயிறு அத்துக்கிட்டுப் போயிருச்சு. நானும் ரெண்டு செய்லர் அண்ணனும் ரப்பர் போட்ல போயி புடிச்சிட்டு வரப்போறோம். இங்க சரியான தெற்கு நீரோட்டம் ஓடுது, செம ஸ்பீடு. நீ பயப்படாத. சாப்புட்டு வேலையப் பாரு."

என் மகள் "பயப்படாத" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் ஏதாவது நடந்திருக்கிறது. சைக்கிள் பழகியபோது சொன்னாள். தோழிகளோடு காட்டுவழியே மலையடிவார வெள்ளகவிக்கு நடந்தே இறங்கியபோது சொன்னாள். கடலியலுக்கு விண்ணப்பம் போட்டபோதும் சொன்னாள்.

எருமை நகர்ந்தது. நான் நகரவில்லை.

காரணம் இதுதான். ஆந்திரக் கரைக்கு அப்பால் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருந்தது. அதைப் பற்றிய தகவலை முந்தின நாள் விவசாயிகளுக்கு அனுப்பியதே நான்தான். தாழ்வு இருந்தது மகளின் கப்பலுக்கு வடக்கே. அவளோ தெற்கு நீரோட்டம் வேகமாக ஓடுகிறது என்கிறாள். தெற்குக் காற்று என்றால் தெற்கிலிருந்து வடக்கே வீசும். தெற்கு நீரோட்டமும் தெற்கிலிருந்து வடக்கேதானே ஓடும்? அப்படியென்றால் ஒரு ரப்பர் படகில் என் மகள் புயல் சின்னத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள்.

உடனே போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை.

2. மூன்று போன்கள்

அளவீட்டை எப்படியோ எடுத்து அனுப்பினேன். ஈரப்பதம் பார்க்கும் ஈரக் குமிழ் வெப்பமானியை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் வேறு வேறு எண் வந்தது. மூன்றாவது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். வெளியே என்ன நடந்தாலும் அளவீடு அளவீடுதான் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். சொல்வது சுலபம்.

அதற்குப் பிறகு கப்பலின் கரை அலுவலகத்துக்குப் பேசினேன். எடுத்தவர் ரெஜினா. தூத்துக்குடிக்காரர், பவித்ராவோடு படித்தவர். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"ஆன்ட்டி, ஒங்ககிட்ட மறைக்கல. ரப்பர் போட்டு இன்னும் கப்பலுக்குத் திரும்பல. வாக்கி டாக்கியும் எடுக்கல. மழ எறங்கி மறைச்சிருச்சு. கப்பல் தேடிக்கிட்டுத்தான் இருக்கு."

"எந்தப் பக்கம் தேடுறாங்கம்மா?"

"தெக்க, ஆன்ட்டி."

"தெக்கயா? தெற்கு நீரோட்டம்னு அவளே சொன்னாளே! வடக்க தேடச் சொல்லும்மா!"

"ஆன்ட்டி, நீரோட்டம் தெற்குங்கிறதாலதான் தெக்க தேடுறாங்க. இருங்க, கப்பல் லைன்ல வருது. நானே கூப்புடுதேன்."

லைன் துண்டானது. மகள் ஒரு பக்கம் போகிறாள், கப்பல் நேர் எதிர்ப் பக்கம் தேடுகிறது. அது எனக்குத் தெரிகிறது, கப்பலில் இருக்கிற இத்தனை பேருக்குத் தெரியவில்லை. அப்படித்தான் நம்பினேன்.

இரண்டாவது போன் என் வீட்டுக்காரருக்கு. அவர் பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறார். மாலை போட்ட சாமிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் மாதம் அது.

"ஏங்க, பாப்பா போட்ல வடக்கப் போயிட்டா. கப்பல் தெக்கத் தேடுது."

"என்னம்மா சொல்ற? ... சாமி, ஒரு நிமிசம், டப்பா இந்தா எடுத்துக்கங்க. வடக்கன்னா? சென்னைப் பக்கமா?"

"அதுக்கும் மேல."

"அப்ப நான் கெளம்புறேன்."

"கெளம்பி என்ன செய்யப்போறீங்க? கடல்ல நடக்கப் போறீங்களா?"

"நீ மலமேல நின்னுக்கிட்டு என்ன செய்யிற? நான் பஸ்ஸாவது ஏறுறேன்." சொன்னபடியே கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டுத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மூன்றாவது போனை நான் போடவில்லை. அது தானாக வந்தது. மேல்மலைக் கிராமமான கூக்காலிலிருந்து முருகேசன். கேரட் போடுகிறவர். என் வானிலைத் தகவலை வரிவரியாகப் படித்துவிட்டு வரிவரியாகச் சண்டை போடுகிறவர்.

"அக்கா, லாரி வந்து நிக்கிது. கேரட்டப் புடுங்கவா வேணாமா? வெரசாச் சொல்லுங்க. ஆள் பூராம் கைய வச்சுக்கிட்டு நிக்கிறாக."

"தம்பி, எம்மக கடல்ல மாட்டிக்கிட்டா. அப்பறம் பேசுறேன்."

"அக்கா, கேரட்டு கெடக்கட்டும். பூம்பாற முருகனுக்கு வேண்டிக்கிறேன், நீங்க தைரியமா இருங்க. ... லாரிய நிப்பாட்டி வைக்கவா, அனுப்பவா?"

அந்த நிலையிலும் சிரித்துவிட்டேன். "நிப்பாட்டி வை தம்பி" என்றேன்.

3. மேப் தப்பா, நாங்கள் தப்பா?

எங்கள் நிலைய அதிகாரி சரவணன் சார் என்னைவிட வயதில் சின்னவர். மேல்காற்று அளவிடும் பலூன்களை விடும் பிரிவிலேயே பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தவர். நான் சொன்னதைக் கேட்டதும் பதறாமல் கம்ப்யூட்டரைத் திறந்தார். அறுந்துபோன மிதவையில் இடங்காட்டிக் கருவி உண்டு. செயற்கைக்கோள் வழியாக அவ்வப்போது தன் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை எவரும் பார்க்கும்படி இணையத்தில் போடுவார்கள்.

மேப்பில் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒன்றின் கீழ் ஒன்றாக, கரையை ஒட்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

"மேடம், இது தெக்கப் போகுதே."

"தெற்கு நீரோட்டத்துல எப்படி சார் தெக்கப் போகும்?"

"அதான் எனக்கும் புரியல. புள்ளி வரிசை தலகீழா இருக்குமோ? கடைசிப் புள்ளி மேல இருக்கிறதோ?"

இரண்டு பேரும் நேரத்தைச் சரிபார்த்தோம். சரியாக இருந்தது. மேப்பைப் பெரிதாக்கினோம், சிறிதாக்கினோம். சரவணன் சார் தலையைச் சாய்த்துக்கூடப் பார்த்தார். இருவர் சர்வீஸையும் கூட்டினால் ஒரு ஆயுள் வரும். அத்தனை அனுபவமும் சேர்ந்து, மேப்தான் தப்பு என்று முடிவு செய்தது.

அப்போது ரெஜினா கூப்பிட்டார். இந்த முறை குரலில் சிரிப்பு இருந்தது.

"ஆன்ட்டி, கெடைச்சிட்டாங்க! மூணு பேரும் பத்திரம். மிதவையப் புடிச்ச நேரத்துல அதோட கயிறு போட்டோட இஞ்சின் விசிறில சுத்திக்கிட்டு. வாக்கி டாக்கி தண்ணிக்குள்ள போயிட்டு. படக மிதவையோட சேத்துக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. மிதவையோட புதுப் புள்ளி வந்ததும் எடம் தெரிஞ்சிட்டு. கப்பல் நேரா அங்க போயி நின்னுட்டு."

நான் அழுதேனா சிரித்தேனா என்று சரவணன் சாரைத்தான் கேட்க வேண்டும். அவரிடம் கேட்டால் "ரெண்டும் மேடம்" என்பார்.

கொஞ்சம் நிதானம் வந்ததும் கேட்டேன்: "அப்ப தெற்கு நீரோட்டம்னா?"

ரெஜினா ஒரு நொடி யோசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ ஆன்ட்டி! நீங்க காத்து டிப்பார்ட்மெண்டுல்லா! காத்து எங்கருந்து வருதோ அத வச்சு நீங்க பேரு வைப்பீங்க. நாங்க தண்ணி எங்க போவுதோ அத வச்சுத்தான் பேரு வைப்போம். தெற்குக் காத்து தெக்க இருந்து வரும். தெற்கு நீரோட்டம் தெக்கப் போவும். அவ்வளவுதான்!"

சரவணன் சார் மேப்பைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பயிற்சி வகுப்பில் எங்களுக்கும் இதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்த மலைமேல் வந்து கடல் நீரோட்டம் எந்தத் திசை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்காரருக்குச் சொன்னபோது அவர் ஒட்டன்சத்திரம் தாண்டியிருந்தார். முதலில் "முருகா" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "ஒரு திசைய ஒழுங்காச் சொல்லத் தெரியாம நீயெல்லாம் என்ன வானில பாக்குற? இப்ப எறங்குறேன். அடுத்த பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்கும்? யோசிச்சுச் சொல்லு" என்றார்.

4. அந்த நீரோட்டம் எது?

அதற்குப் பிறகு விடவில்லை. பவித்ராவிடமும் ரெஜினாவிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை என் பாஷையில் சொல்கிறேன்.

வங்கக் கடலின் மேற்கு விளிம்பில், நம் கரையை ஒட்டி, கடலுக்குள் ஒரு ஆறு போல இந்த நீரோட்டம் ஓடுகிறது. பூமி சுழல்வதால் பெருங்கடல்களின் மேற்கு ஓரத்தில் நீரோட்டம் ஒடுங்கி வேகமெடுக்கும். மே மாத சீசனில் ஊர்ப்பட்ட வண்டிகளும் ஒரே மலைச்சாலையில் நெருக்கியடிப்பது போல. ஒரு வித்தியாசம்: சாலையில் நெருக்கினால் வண்டி நிற்கும், கடலில் நெருக்கினால் தண்ணீர் ஓடும்.

பெரிய கடல்களில் இப்படிப்பட்ட நீரோட்டங்கள் வருடம் முழுக்க ஒரே பக்கம் ஓடும். நம்முடையது அப்படியில்லை, திசை மாறும். மாசி, பங்குனி வாக்கில் வடக்கு நோக்கி ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் திரும்பித் தெற்கு நோக்கி ஓடும். தென்மேற்குப் பருவத்தில் ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் வேறு மாதிரி. பருவக்காற்று தள்ளுவது ஒரு காரணம். வங்கக் கடலின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு தூரத்திலிருந்து வரும் நீண்ட அலைகள் இன்னொரு காரணம். வழியெல்லாம் மாவட்டம் பெரிதுக்குச் சுழிகளும் போடும். கோடு போட்ட மாதிரி ஓடுவதில்லை.

சரி, இதற்கும் கூக்கால் கேரட்டுக்கும் என்ன சம்பந்தம்?

மழைக்காலத்தில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் கொண்டுவந்து கொட்டிய நன்னீரைத் தெற்கு நோக்கி ஓடும் இந்த நீரோட்டம் நம் கரை வழியே இழுத்து வருகிறது. நன்னீர் உப்புநீரைவிட லேசானது. பாலின் மேல் ஆடை படிவது போலக் கடலின் மேல் படிந்துவிடும். அடியில் உள்ள குளிர்ந்த நீர் சுலபமாக மேலே வந்து கலக்க முடியாது. மேல்பரப்பின் சூடு சீக்கிரம் தணியாது. சூடான கடல் மேகத்துக்கும் தாழ்வுக்கும் தீனி போடும். அந்த ஈரத்தைக் கிழக்குக் காற்று தூக்கிவந்து நம் மலையில் மோதும்போது, வருகிறது மழை. மழையைக் கடல் மட்டுமே முடிவு செய்வதில்லை. காற்றும் மற்றதும் கூடி வர வேண்டும். ஆனால் கடலை விட்டுவிட்டு நான் இத்தனை வருடம் மழை பேசியது, சாம்பார் இல்லாமல் இட்லியைப் பற்றி மட்டும் பேசியது போலத்தான்.

முருகேசனிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப கங்கத் தண்ணிதான் சுத்தி வந்து எங்க காட்டுல மழையா விழுகுதாக்கா?" என்றார்.

"அப்படியே இல்ல தம்பி. கங்கத் தண்ணி கடலுக்கு மேல மூடி போட்டு வச்சிருது."

"எப்புடியோ, காசிக்குப் போற செலவு மிச்சம்" என்றார். நிப்பாட்டி வைத்திருந்த லாரி, மகள் கிடைத்த அன்று மத்தியானமே கேரட்டோடு கிளம்பியிருந்தது. மழை மறுநாள்தான் பிடித்தது.

5. மகள் வந்தபோது

கப்பல் கரைக்கு வந்து, விடுப்பு கிடைத்து, பவித்ரா வீட்டுக்கு வந்தாள். உள்ளங்கையில் கயிறு உரசிய காயம். அதைப் பார்த்ததும் மருந்து டப்பாவைத் தேடி எடுத்தேன். அவளோ, "சும்மா ஒக்காந்திருந்தோம்மா. செய்லர் அண்ணன் ஒருத்தர் கத சொல்லிக்கிட்டே இருந்தாரு. போட்டும் மிதவையும் ஒரே ஓட்டத்துல போறதால எங்களுக்கு ஓடுற மாதிரியே தெரியல. தண்ணி அசையாம நிக்கிற மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

அவளுக்கு அசையாமல் இருந்த அதே தண்ணீர், மலைமேல் என்னை எப்படி உலுக்கியிருக்கிறது!

"பயமா இல்லையா?" என்றேன்.

"இருந்துச்சு. கப்பல் கண்ணுக்குத் தெரியாமப் போனப்ப இருந்துச்சு. ஆனா எந்தப் பக்கம் போறோம்னு எங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். அதான் ஒக்காந்திருக்க முடிஞ்சுச்சு" என்றாள்.

தொழிலுக்கு வருகிற உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் அதுதான். ஒரு தகவலை அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே சொல்லுக்கு ஒரே அர்த்தம் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவீடு எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. "தெற்கு" என்று மட்டும் எழுதாதீர்கள். "தெற்கிலிருந்து" என்றோ "தெற்கு நோக்கி" என்றோ எழுதுங்கள். இப்போது எங்கள் நிலையத்திலிருந்து போகிற எல்லாத் தகவலும் அப்படித்தான் போகிறது. சொல் ஒன்று கூடுதலாக எழுதினால் கை வலிக்காது.

பவித்ரா கிளம்பும் நாளில் அவள் அப்பா கடையை மூடிவிட்டுப் பழனி பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டோம். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள்.

"மாசில மறுபடி கப்பல் இருக்கும்மா. அப்ப வடக்கு நீரோட்டம்."

போகாதே என்ற சொல் வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "வடக்கு நோக்கித்தானே?" என்று கேட்டேன்.

"ஆமா, வடக்கு நோக்கி."

"சரி, போயிட்டு வா" என்றேன்.