இடப்பக்கத்து நாடா

யோசிப்பதில் குமரகுருவை மிஞ்சப் பிள்ளையார்பாளையத்தில் ஆள் கிடையாது. கால் கிலோ கத்திரிக்காய்க்கு நாலு கடை ஏறி இறங்குகிற மனுஷன். அப்படிப்பட்டவரைத் தேடிக் கர்நாடகாவிலிருந்து வேலை வந்தால் வீடு என்ன பாடு படும்? பத்து நாளாகப் பட்டுக்கொண்டிருந்தது. பட்டதெல்லாம் அவர் மனைவி சங்கரிதான்.

பெங்களூருக்கு அந்தப் பக்கம் பட்டுச்சேலை முதலாளி ஒருவர் புதிதாகத் தறிக்கூடம் போட்டிருந்தார். குமரகுருவும் சங்கரியும் நெய்த சேலை ஒன்றைப் பார்த்துவிட்டு, கோர்வை இவ்வளவு சுத்தமாக விழுகிற கை தனக்கு வேண்டும் என்று கடிதமே அனுப்பிவிட்டார். கோர்வை என்றால் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற தனித்தனி நாடாவால் நெய்து, இழைக்கு இழை பூட்டுவது. ஒற்றை ஆளால் ஆகாது. நடுவே தறிக்குழியில் உட்கார்ந்து குமரகுரு நெய்ய, இடப்பக்கத்தில் நின்று கரை நாடாவைத் தள்ளுவாள் சங்கரி. கல்யாணமான மறுமாதத்திலிருந்து பத்தொன்பது வருஷமாக அது அவள் இடம்.

குமரகுரு முதலில் விசாரித்தது அந்த ஊர்க் காற்றை.

"அங்க குளிருது, ஈரம் கம்மி. இழை பட்டு பட்டுனு அறுந்துக்கினு இருந்தா என்னா பண்றது?" என்று தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவுப் பட்டு நூலில் ஒரு பிடியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அந்தத் தறிக்கூடத்தில் ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டு, நீவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பட்டுக்கு அந்த ஊர் ஒத்துக்கொண்டதாம். சங்கரிக்குப் பனிக்காலம் வந்தால் விரல் முட்டிகள் வீங்கும். பட்டைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர், அந்த விரல்களைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்தது செலவு. வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸாம். இங்கே தறிக்குக் கிடைக்கிற இலவசக் கரண்ட் அங்கே கிடைக்காதாம். எல்லாவற்றையும் கழித்த பிறகும் கையில் நாலு காசு நிற்குமாம். அதற்கடுத்து அரசியல். பக்கத்து வீட்டு வெங்கடேசனின் மகளைப் பெங்களூரில் கொடுத்திருந்ததால் அவர்தான் அதில் நிபுணர்.

"தண்ணிப் பிரச்சினை வந்துதுன்னா தமிழ்நாட்டு வண்டின்னாலே கல்லு வுடுவாங்கபா. மத்த நாள்ல தங்கமான ஜனம்."

"நமக்கு வண்டியே இல்லையே" என்றார் குமரகுரு. அத்தோடு அரசியலும் தீர்ந்தது.

சங்கரிக்கு ஒன்றும் தீரவில்லை. மூன்று வருஷம் நடையாய் நடந்து, கூட்டுறவுச் சங்கத்தில் தன் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்கியிருந்தாள். அந்த அட்டைக்குச் சங்கம் கொடுக்கிற தறி, வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக் கூடத்தின் மறுபக்கத்தில் அவளுக்கென்று இறங்குகிறது. கோர்வை இல்லாத சேலை, ஒற்றை ஆளே நெய்யலாம். ஊரை விட்டுப் போனால் அட்டையும் போச்சு, தறியும் போச்சு.

"அதை வேற யாருக்கானா மாத்தி வுட்டுடலாம்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார் குமரகுரு. அவளுக்குத் தட்டை எடுத்துக் கவிழ்க்கலாம் போலிருந்தது.

கடிதத்தை அவளும் படித்திருந்தாள். நெசவாளர் ஒருவர், சம்பளம் இவ்வளவு. உதவியாள் நெசவாளர் பொறுப்பு; அதாவது சங்கரிக்குச் சம்பளம் கிடையாது. அந்தக் கடைசி வரியைப் பற்றி மட்டும் அந்தப் பெரிய யோசனைக்காரர் யாரிடமும் விசாரிக்கவில்லை.

புதன்கிழமை காலை தறியில் இருக்கும்போது முதலாளியின் போன் வந்தது.

"வர்றோம் சார். ஒண்ணாந்தேதியே வந்துடறோம்" என்றார் குமரகுரு. போனை வைத்துவிட்டு நாடாவைத் தள்ளினார். இடப்பக்கத்திலிருந்து நாடா வரவில்லை.

"இன்னாமா, தள்ளு."

சங்கரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் குழியிலிருந்து ஏறி, சுற்றி வந்து, கரை நாடாவைத் தானே தள்ளிவிட்டு, மறுபடி போய் இறங்கி ஓர் இழை அடித்தார். மறுபடி ஏறினார். நாலாவது இழைக்குள் மூச்சு வாங்கியது. கரை தளர்ந்து பல்லிளித்தது.

"உடம்பு சரியில்லையா உனுக்கு?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நான் வர்றேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"நீ இல்லாம நான் எப்படிமா...?"

"காத்தைக் கேட்டீங்க, வாடகையைக் கேட்டீங்க, வெங்கடேசண்ணனைக் கேட்டீங்க. பத்து நாளா உங்க எதிர்லயே நின்னுக்கினு இருக்கேன், என்னைக் கேட்டீங்களா?"

குமரகுரு தளர்ந்த கரையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"சரி, கேக்கறேன். வர்றியா?"

"வரல" என்றாள் சங்கரி. "அந்த நாலு இழையையும் பிரிங்க. திரும்ப அடிக்கணும்."