அக்கா எதிரே வந்த நாள்

பதினாறு வருடம் சீட்டாடித்தான் சோறு தின்றேன். தறிக்குழியிலிருந்து எழுந்து ரம்மி மேஜையில் உட்கார்ந்தவன் நான். குமாரபாளையத்தில் என்னைத் திட்டாத வாய் கிடையாது. ஆனால் சேலத்துக் கிளப்பில் போட்டி வைத்தால் லாரி முதலாளிகள் முதலில் கேட்பது, "அந்தத் தறிக்காரன் வாரானா?" என்றுதான். அந்தத் திமிர் எனக்குப் போதுமாக இருந்தது.

சீட்டாடுகிறவனைப் போலச் சகுனம் பார்க்கிறவன் இல்லை. அதிலும் நான் மகா மோசம். போட்டிக்குக் கிளம்பினால் என் மகள் நிறைகுடத்தோடு எதிரே வர வேண்டும். என் அக்கா வரக்கூடாது. முப்பது வயதில் தாலியறுத்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். என் மகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்தது அவள்தான். நான் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டால் தானாகவே சமையல்கட்டுக்குள் போய்விடுவாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய போட்டியொன்றின் கடைசிச் சுற்று. ஜெயித்தால் ஸ்கூட்டர். எனக்கு வெள்ளெழுத்து வந்து, கண்ணாடி போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தெருவில் இறங்கிப் பத்தடி வைத்திருப்பேன். அக்கா கொல்லைச் சந்து வழியாக ஓடிவந்து நேர் எதிரே நின்றாள். முன்வாசல் வழியாக வரக்கூடாது என்று அப்படிச் சுற்றி வந்திருக்கிறாள், பாவி மகள்.

"சாமி, கண்ணாடிய உட்டுட்டுப் போறியே!"

"அறிவிருக்குதா உனக்கு? மூஞ்சியக் காட்டறதுக்கு இன்னைக்குத்தான் நாள் பாத்தியா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, மகளை மறுபடி குடத்தோடு வரச்சொல்லிக் கிளம்பினேன். அக்கா கண்ணாடியை ஜன்னலில் வைத்திருந்தாள். அவள் கை பட்டதென்று நான் அதை எடுக்கவில்லை. என்ன புத்தி பாருங்கள்! அவள் ஆக்கிய சோற்றை அரைமணி முன்னால்தான் தின்றிருந்தேன்.

சீட்டை எட்டிப் பிடித்தால் எனக்குத் தெரியும். பக்கத்து ஆளுக்கும் தெரியும். அதனால் நெஞ்சோடு அணைத்தே ஆடினேன். மதியத்துக்குள் மற்றவர்கள் எல்லாம் அவுட். மிச்சம் நானும், போர் போடும் ரிக் வண்டி வைத்திருந்த ஒருவரும். ஆட்டின், அதாவது ஹார்ட்ஸ் சீட்டில் ஆறு, ஏழு, எட்டு சேர்ந்தது என்று ஷோ போட்டேன். அவர் என் சீட்டுகளைத் தன் பக்கம் திருப்பி, ஏழின் மேல் விரலை வைத்தார்.

"ஏனுங்க, நடுவுல இருக்கறது டைமனுங்களே."

ஆட்டினும் டைமனும் இரண்டும் சிவப்பு, கண்ணாடி இல்லாமல் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தப்பு ஷோவுக்கு முழுப் பாயின்ட், எழுந்து போக வேண்டியதுதான். நேற்று சீட்டுப் பிடித்தவன்கூடச் செய்யாத தப்பு. மானம் போய்விட்டது.

வீட்டில் மனைவி, "என்னாச்சுங்க?" என்றாள்.

"கெளம்பறப்பவே வெளங்கல. அப்பறம் எங்க ஜெயிக்கறது?"

அடுப்படியில் அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். டைமனைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. தோற்றதைவிட, கண் தெரியாமல் தோற்றேன் என்று சொல்வதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அதன்பிறகு எத்தனையோ போட்டி ஆடினேன், ஜெயித்தேன். அன்று தோற்றது கண்ணாடி இல்லாததால்தான் என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றே வருடங்கள் போயின.

மகளுக்குக் கல்யாணம் வந்தது. அன்று காலை மண்டபத்துக்குக் கிளம்புமுன், அத்தை காலில் விழுந்துவிட்டுத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அக்கா இருந்த பின்னறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"அத்தை, கதவத் தொறங்க."

"வேண்டாங் கண்ணு. உங்கப்பனுக்கு நான் பண்ணுனது போதாதா? உனக்கும் வேணுமா?"

நான் மகளுக்குப் பின்னால்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூடத்தில் சம்பந்தி வீட்டார் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"நேரமாச்சு, வா" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.