படத்துக்கு ஒரு கடகம் நெல்

நாட்டின் தலைவர் எங்கள் மல்லாவிக்கு வருகிறார் என்றதும் ஊரே சந்தோசப் புழுகத்தில் மிதந்தது. என் மனைவியைப் பிடிக்கவே முடியவில்லை. எனக்கு என் நெல்தான் பெரிது. வருடம் முழுக்க வீட்டுச் சோற்றுக்கென்று ஒதுக்கிய நெல்லை அன்று காலைதான் தார் வீதியோரம் பரப்பியிருந்தோம். மெசின் வெட்டிய ஈர நெல்லை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் காயவிடுவார்கள்.

பரப்பி முடிந்த கையோடு ஓர் அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

"உதெல்லாத்தையும் உடன அள்ளுங்கோ. அவர் வாற ரோட்டு துப்புரவா இருக்கவேணும்."

"ஐயா, நெல் இன்னும் ஈரம். அள்ளிக் கட்டினா அவிஞ்சு பழுதாப் போயிடுமெல்லோ."

"அவர் போனாப்பிறகு திருப்பிப் போடலாம்தானே."

போடலாம்தானே! அரிசியைக் கடையில் வாங்கித் தின்கிற வாய்க்கு அது லேசு. சாக்குகளில் கட்டிப் படங்குச் சீலையால் மூடினோம். நல்ல வெயில் வெறும் தாரில் வீணாக எரிந்தது. மத்தியானம் ஆகியும் தலைவரைக் காணவில்லை. பின்னேரம்தான் கமராக்காரர் வந்து இறங்கினார்கள்.

"இஞ்சை நெல் காயப்போடுறேல்லையோ? அவர் சனத்தோட நிண்டு ஒரு படம் எடுக்கோணும்," என்றார் ஒருவர்.

நான் வாய் திறக்குமுன் அதே அதிகாரி ஓடிப்போய் எங்கள் சாக்கு ஒன்றை அவிழ்த்தார். மனைவி ஒரு கடகம் நெல்லைச் சிரித்த முகத்தோடு அள்ளிக் கொடுத்தாள். படத்துக்கு அளவாக, ஒரு பாய் அகலத்துக்குப் பரப்பினார்கள். தலைவர் வந்தார். குந்தியிருந்து நெல்லைக் கிளறினார், மனைவியைப் பார்த்துச் சிரித்தார், போய்விட்டார். அவரில் எனக்குக் கோபமில்லை என்றால் அது பொய். பக்கத்திலேயே சாக்குகள் குவிந்து கிடந்தன. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பொழுதுபடப் பிடித்த மழை மூன்று நாளாக விட்டபாடில்லை. விட்ட பிறகு சாக்குக்குள் கையை வைத்தேன், நெல் அவிந்து சுட்டது.

படம் எல்லோருடைய போனிலும் ஓடியது. வெளிநாட்டிலிருந்து மனைவியின் தம்பி போன் எடுத்தான். "அத்தான், உங்கட நெல்லுக்கு அடிச்ச லக்கைப் பாருங்கோ! என்ன எளிமையான மனிசன்!" தூஷணம் சொல்லாமல் போனை வைத்ததே பெரிய காரியம்.

இப்போது எங்கள் குசினியில் அந்த அரிசிதான் வேகிறது. மஞ்சளாக இருக்கிறது, நாறுகிறது. நேற்று மகள் ஒரு வாய் வைத்துவிட்டுக் சோற்றுக் கோப்பையைத் தள்ளினாள்.

"சாப்பிடு பிள்ளை. அவர் தொட்ட நெல்லெல்லோ," என்றாள் மனைவி.

பகிடிக்குச் சொல்கிறாளாக்கும் என்று முகத்தைப் பார்த்தேன். பெருமையாகத்தான் சொன்னாள்.