பால் குழாய் கழுவின தண்ணீர்

மரக்காணம் பக்கத்தில் ஒரு சின்னப் பால் கம்பெனியில் எனக்கு வேலை. பாலெல்லாம் டேங்குக்குப் போன பிறகும் குழாய்க்குள் கொஞ்சம் தங்கிவிடும். பின்னாலேயே தண்ணீரை விட்டு அதைத் தள்ள வேண்டும். குழாயில் பதித்த கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நிற்பேன். வெள்ளை மங்கியதும் வால்வைத் திருப்பிச் சாக்கடைக்கு விடுவேன். கடைசியாக ஒரு தம்ளர் பிடித்து வாயில் வைத்துப் பார்ப்பேன். பால் ருசி இல்லையென்றால் வேலை முடிந்தது. உப்பளத்துப் பாத்தித் தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்தே வளர்ந்தவன் நான், பால் கலந்திருப்பதைக் காட்டும் மீட்டரையா நம்புவேன்?

அந்தக் கோடையில் வீட்டில் நான் மட்டும்தான். என் மனைவி பெருமுக்கல்லில் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. சண்டை எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரால் வந்தது. "உப்பு கரிக்குதுங்க, தொண்டையில எறங்கல. எங்க ஊரு பக்கம் போயிடலாம்" என்று ஆறு வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஊரே குடிக்குது, உனக்கு மட்டும் இன்னா? நாக்குல கொழுப்பு" என்றேன். என் ஊரைக் குறை சொல்கிறாளே என்ற கோபம் எனக்கு. ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போனால் போகட்டும் என்று வீறாப்பாகத்தான் இருந்தேன். ஆனால் சாயந்திரம் வந்து பூட்டைத் திறக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வரும். அவள் திட்டு இல்லாமல் சோறு இறங்கவில்லை.

அப்படி இருக்கும்போது, ஒருநாள் குழாயைக் கழுவி, தம்ளரில் குடித்துப் பார்த்து, "கிளீன்" என்று சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் சும்மா ஒரு வாய் வைத்தார்.

"த்தூ! ஏம்பா, போர் தண்ணி உப்பா மாறிடுச்சு. இப்பிடிக் கரிக்குது, உனக்குத் தெரியலையா?"

பேக்கிங் ஆட்கள் மூன்று பேரும் வாயில் வைத்துவிட்டுத் துப்பினார்கள். நான் மறுபடியும் குடித்தேன். எனக்கு அது வெறும் தண்ணீர்தான். லாரியில் தண்ணீர் வரவழைத்து எல்லாக் குழாயையும் திரும்பக் கழுவினோம். மற்றவர்கள் கேலி பண்ணிச் சிரித்தார்கள். எனக்கோ அவள் ஞாபகம் வந்தது. அட பாவி, உண்மையைச் சொன்னவளை ஆறு வருஷம் திமிர் பிடித்தவள் ஆக்கியிருக்கிறேனே!

ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கல்லுக்கு பஸ் ஏறினேன். வாசலில் நின்றபடியே கம்பெனியில் நடந்ததை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். "தண்ணி உப்புதான்டி. என் நாக்குதான் செத்துப்போச்சு. நீ சொல்ற ஊருக்கே போயிடலாம், வா. நீ இல்லாம முடியல" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"நான் சொன்னப்ப நம்பல. நாலு பேரு துப்பின பொறவுதான் நம்புறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

துணி எடுத்து வைக்கத்தான் போயிருக்கிறாள் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி பஸ் போனது. ஐந்து மணி பஸ்ஸும் போனது.