என் பெயரில் உள்ளே போங்க சார்!

போன செவ்வாய்க்கிழமை, முன்பின் பார்த்திராத ஒருவரை 'கொஞ்சம் திரும்பிக்குங்க' என்று சொல்லி சுவரைப் பார்க்க வைத்தேன். அதுவும் அவருடைய ஆபீஸில், அவருடைய நாற்காலியில்!

நானா? போன் அடித்தாலே உள்ளங்கை வியர்க்கிற நானா? எனக்கே நம்ப முடியவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. பொழிச்சலூரில் பத்துப் பெண்களை வைத்து ஒரு சின்ன ரப்பர் பட்டறை நடத்துகிறேன். கார் கதவுக்குள் வயர் நுழையும் ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் இருக்குமே... அதுதான் எங்கள் சரக்கு. மறைமலை நகரில் ஒரு கம்பெனி வாங்கிக் கொள்கிறது.

முன்பெல்லாம் வளையத்தின் அளவு போட்ட படம் தபாலில் வரும். ஆறு மாதம் முன்பு கம்பெனி புது சாஃப்ட்வேர் போட்டது. இனிமேல் எல்லாம் இன்டர்நெட்டில்தானாம். எங்களைப் போல வெளியாட்களுக்கு 'கெஸ்ட்' என்று ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தார்கள். இதற்காகவே பிராட்பேண்ட் வாங்கினேன். உள்ளே போனால் 'டிராயிங்' என்று ஒரு ஃபோல்டர். படத்தை பிரின்ட் எடுத்து, பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டி விடுவேன். வெளியே போகக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு.

அப்புறம்தான் தொடங்கியது வினை. அனுப்பிய சரக்கு சிவப்பு ஸ்டிக்கரோடு திரும்பி வந்தது. ஓட்டை அரை மில்லிமீட்டர் சின்னதாம். போனில் சாலமன் சார். கம்பெனியில் எங்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயர் அவர்.

"அளவு மாத்தி ரெண்டு வாரம் ஆச்சே மேடம். 'ரிவிஷன்' ஃபோல்டர்ல போட்டிருக்கேனே, பார்க்கலையா?"

என் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சாரி சார். பார்க்கறேன் சார்."

எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவள். நமக்குத்தான் தேடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் முறை வேறொரு வளையம் அளவு மாறித் திரும்பி வந்தபோதும் சாரி. மூன்றாம் முறையும் சாரி!

"இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துடுவாங்க மேடம். என் கையில இல்ல."

போனை வைத்துவிட்டு பட்டறையைப் பார்த்தேன். பத்துத் தலைகள் மெஷின்களுக்கு மேல் குனிந்திருந்தன. எங்களுக்கு இருப்பது இந்த ஒரு கம்பெனிதான். என் கூச்சத்துக்கு இவர்கள் ஏன் வேலையை இழக்க வேண்டும்?

மறுநாள் காலை பல்லாவரத்தில் செங்கல்பட்டு ரயிலைப் பிடித்தேன். கையில் ஒரு துண்டுச் சீட்டு. பேச வேண்டிய நாலு வரியை எழுதியிருந்தேன். தாம்பரத்திலிருந்து பொத்தேரி வரை உதடு அசையாமல் மனப்பாடம் செய்தேன்.

சாலமன் சார் சின்ன வயதுக்காரர். தங்கமான பிள்ளை. என்னை உட்கார வைத்து, தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க மேடம். இது டிராயிங். இது ரிவிஷன். கெஸ்ட்டுக்கெல்லாம் கொடுத்தாச்சே!"

இரண்டு ஃபோல்டர்கள் பளிச்சென்று இருந்தன. அவ்வளவுதான்... சீட்டிலிருந்த நாலு வரியும் மறந்துபோனது. 'சாரி சார்' தொண்டை வரை வந்துவிட்டது. எழுந்திருக்கக் கூடத் தொடங்கினேன்.

அப்போதுதான் திரையின் மேல் மூலை கண்ணில் பட்டது.

"சார்... அங்க உங்க பேர் இருக்கே?"

"ஆமா, நான்தானே லாகின் பண்ணியிருக்கேன்."

"என் பேர்ல உள்ள போங்க சார்."

"உங்க பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது மேடம்."

"சொல்லல சார். நானே அடிக்கறேன். நீங்க கொஞ்சம் திரும்பிக்குங்க."

பாவம், காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். திரை மாறியது.

ஒரே ஒரு ஃபோல்டர். டிராயிங். அவ்வளவுதான்!

சார் திரும்பி, திரையை உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்து சீட்டைக் கூப்பிட்டார். "மச்சான், இங்க வாயேன்... கெஸ்ட்டுக்கு ரிவிஷனே தெரியலடா!"

இருவரும் தேடிக் கண்டுபிடித்தார்கள். டிராயிங்குக்கு 'கெஸ்ட் பார்க்கலாம்' என்று டிக் அடித்திருக்கிறார்கள். ரிவிஷன் அப்புறம் சேர்த்த ஃபோல்டர். அதற்குத் தனியாக டிக் அடிக்க வேண்டுமாம், யாரும் அடிக்கவில்லை. ஆறு மாதமாக அந்த ஆபீஸில் ஒருவர்கூட கெஸ்ட்டாக உள்ளே போய்ப் பார்த்ததில்லை. விருந்தாளியை அழைத்தவர்கள் எல்லோரும் வீட்டுக்காரர் வாசல் வழியாகவே போய்வந்து, 'கதவு திறந்துதானே இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சாலமன் சார் டிக் அடித்தார். "முடிஞ்சது மேடம். கிளம்புங்க."

"இன்னொரு தடவை என் பேர்ல பார்த்துடலாம் சார்."

மறுபடி காலண்டர். மறுபடி ஒற்றை விரல். இரண்டு ஃபோல்டர்!

நான் எழுந்திருக்கவில்லை. "திரும்பி வந்த மூணு லாட் சரக்கும் எங்க தப்புன்னு உங்க கணக்குல எழுதியிருக்கீங்களே. அதையும் மாத்தணும் சார்."

"அதுக்கு மேனேஜர் வரணும்... லஞ்சுக்கு அப்புறம்தான்."

"நான் உக்காந்திருக்கேன் சார்."

உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் வந்தார், கேட்டார், மாற்றினார். என் கண் முன்னால்.

பட்டறைக்குத் திரும்பும்போது நடையே வேறு மாதிரி இருந்தது. மெஷின் ஓட்டும் அமுலுதான் முதலில் கேட்டாள்.

"இன்னாக்கா, போன காரியம் இன்னாச்சு?"

ஒன்றுவிடாமல் சொன்னேன். காலண்டர் கதையைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அமுலு மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அவங்க உனக்குக் காட்டலன்னு அம்மாந்தூரம் போய் சண்ட போட்டுகினு வந்த. நீ எங்களுக்குக் காட்டுனியா? படத்தை பீரோல வச்சுப் பூட்டிக்கினு கீற. நாங்க போன மாசத்து பீஸைக் கயித்துல தொங்கவுட்டு, அதைப் பாத்துதான் அடிச்சுகினு கீறோம்."

மெஷின் பக்கத்தில் நூலில் ஒரு ரப்பர் வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய அளவு. ரிவிஷன் வந்திருந்தாலும் அது பீரோவுக்குள்தானே போயிருக்கும்?

வெளியே போகக் கூடாது என்றுதான் கம்பெனி சொன்னது. மெஷினுக்குப் போகக் கூடாது என்று யார் சொன்னார்கள்? நான்தான்.

இப்போது படம் மெஷினுக்கு எதிரே சுவரில் இருக்கிறது. இரண்டே நாளில் அதில் ஐந்து விரலும் பதிந்த ஒரு எண்ணெய்க் கறை... இருக்கட்டும். பார்க்கிறார்கள் என்று அர்த்தம்!