தெரியாத சொல்லுக்குப் பக்கத்தில்

நவி மும்பை ஐரோலியில் மகன் வீட்டில் இருக்கிறேன். கனடா போவதற்காக மருமகள் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கிறாள். நேற்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே கைபேசியில் ஒரு வாத்தியார் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தியில் தெரியாத சொல் வந்தால் பதறாதே, அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார். தெரிந்த சொல் வந்தால் இன்னும் கவனமாக இரு, அங்கே அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம். இப்படிப் போனது பாடம். "அத்தை, உங்க காலத்துல இதெல்லாம் உண்டா?" என்றாள். எனக்குச் சட்டென்று மல்லிகை வாசனை அடித்தது. வெங்காய நெடியில் மல்லிகையா என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. பம்பாயில், தாராவித் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் குடிசை. அண்ணன் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் அலசுகிறவன். கால் இரண்டும் வெடித்து, ராத்திரி போர்வை பட்டாலே முனகுவான். எனக்கு ஒரு வேலை கிடைத்தால் அவன் அந்தத் தொட்டியிலிருந்து ஏறிவிடலாம். அப்போதுதான் ஃபோர்ட் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனி டைப்பிஸ்ட் வேலைக்குப் பரீட்சைக்குக் கூப்பிட்டது. டைப்பிங் எனக்குப் பயமில்லை. இங்கிலீஷ் பத்தியைப் படித்துச் சொல்லுக்கு அர்த்தம் எழுதுவதில்தான் குலை நடுங்கியது. மாட்டுங்கா இன்ஸ்டிட்யூட்டில் என்னோடு படித்தவர்கள் அகராதியை மனப்பாடம் செய்தார்கள். நானும் செய்தேன். 'ஏ' எழுத்தில் நான் புலி. 'பி'யிலிருந்து பூனை.

பரீட்சையன்று ஊர் சரியில்லை. தெற்கத்திக்காரர்கள் வேலையை எல்லாம் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று மராட்டிக்காரர்களுக்குக் கோபம் மூண்டிருந்த நேரம். உடுப்பி ஓட்டல்கள் கதவைச் சாத்தியிருந்தன.

"இன்னைக்குப் போவாண்டாம்ட்டி. மதராசின்னு தெரிஞ்சா அடிக்கானுவளாம்" என்றாள் அம்மா.

"போவலைன்னா வேலை போயிரும்மா. நான் கூட்டிட்டுப் போதேன்" என்றான் அண்ணன். என்னிடம், "வி.டி. ஸ்டேஷன்ல எறங்குனதும் நிப்பேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்றான்.

வாயை மூடினேன். ஆனால் நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளை என்று, கனகாம்பரமும் மல்லிகையும் சேர்த்துக் கட்டிய சரத்தை அம்மா என் தலையில் வைத்துவிட்டிருந்தாள். வாயைவிட அது உரக்கப் பேசும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

ரயிலில் நான் லேடீஸ் பெட்டியில், அண்ணன் அடுத்த பெட்டியில். பரேலில் வண்டி நின்றது, கிளம்பவில்லை. பிளாட்பாரத்தில் கம்போடு ஆட்கள் ஓடினார்கள். ஜன்னல் ஜன்னலாகக் குனிந்து பார்த்தார்கள். "மதராசி" என்ற சொல் மட்டும் புரிந்தது. அண்ணன் இருந்த பெட்டிப் பக்கம் ஒரே சத்தம். அவனிடம் ஓட நான் எழுந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். மராட்டிக்காரி. பின்கொசுவம் வைத்த சேலை, கை நிறையப் பச்சை வளையல், மடியில் துணிப்பையில் டிபன். மில் வேலைக்குப் போகிறவள்.

"உத்ரூ நகோஸ்" என்றாள்.

ஊரிலிருந்து வந்து அதிக நாள் ஆகாத எனக்கு அதில் 'நகோ' மட்டும் தெரியும். காய்கறிக்காரியிடம் பேரம் பேசும்போது கேட்கிற சொல். 'வேண்டாம்'. நீங்கள் எங்களுக்கு வேண்டாம் என்கிறாள் என்றே நினைத்தேன். அடுத்த நொடி என் தலையிலிருந்த பூவைப் பிடுங்கினாள். முடியோடு வந்தது. அவ்வளவுதான், ஜன்னலில் இருப்பவர்களிடம் தள்ளிவிடப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

தள்ளவில்லை. கண்ணைத் திறந்தபோது பூவை டிபனுக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தாள். தன் முந்தானையை இழுத்து என் தலைமேல் போட்டாள். கூட வந்த மில் பெண்கள் பிளாட்பாரத்தில் இறங்கி நின்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் இறங்கவேண்டிய இடமும் அதுதான். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். ஜன்னலில் ஒரு முகம் என்னைக் காட்டி ஏதோ கேட்டது.

"மாஜி பாச்சி ஆஹே" என்றாள் அவள்.

மாஜி என்றால் என்னுடைய. என்னுடைய என்ன என்று தெரியவில்லை. தெரிய வேண்டியிருக்கவுமில்லை. அந்த முகம் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தது, கொஞ்ச நேரத்தில் வண்டியும் கிளம்பியது. அவள் முதலில் சொன்னதும் அப்போதுதான் விளங்கியது. இறங்காதே.

வி.டி.யில் அண்ணன் கிழிந்த சட்டையும் வெடித்த உதடுமாக வந்தான். "ஒண்ணுமில்லட்டி. நீ நேரே பரீட்சைக்கு நட." நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் பரேலுக்குத் திரும்பிப் போக எதிர் பிளாட்பாரத்து வண்டியில் ஏறிவிட்டாள்.

பரீட்சையில் ஒரு நோயாளி வீட்டுப் பத்தி. டாக்டர் வெளியே வருகிறார், அவர் முகம் 'கிரேவ்' ஆக இருந்தது என்று ஒரு வரி. அர்த்தம் நாலு கொடுத்திருந்தார்கள். முதலாவது, கல்லறை. தெரிந்த சொல்! பென்சில் பாய்ந்தது. மணிக்கட்டு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது, அதனால்தானோ என்னவோ நின்றேன். தெரிந்த சொல்லை நம்பி ஒருத்தியைத் தப்பாக நினைத்துச் சற்று நேரம்தானே ஆகிறது! நாலு அர்த்தத்தையும் ஒவ்வொன்றாக அந்த வரிக்குள் வைத்துப் பார்த்தேன். முகம் எப்படிக் கல்லறையாக இருக்கும்? அடுத்த வரியில் வீட்டார் அழுகிறார்கள். 'கவலை தோய்ந்த' என்பதைக் குறித்தேன். பிறகு எல்லாச் சொல்லையும் அப்படியே அக்கம்பக்கம் விசாரித்தேன். வெளியே எங்கோ கண்ணாடி உடைந்தது. வாசலில் அண்ணன் தனியாக நிற்கிறான். எழுந்து ஓடலாம் போலிருந்தது. கடைசிக் கேள்வி வரை எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். அவன் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

வேலை கிடைத்தது. அண்ணன் தொட்டியை விட்டு ஏறி, செம்பூரில் சைக்கிள் கடை போட்டான். ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை மராட்டிப் பெண்ணிடம் ஒருநாள், பாச்சி என்றால் என்ன என்று கேட்டேன். "பஹன் கீ பேட்டி" என்றாள். கூடப் பிறந்தவள் மகள். அன்றைக்கு எனக்கு டைப்பிங் ஓடவில்லை.

அப்புறம் தினமும் அதே பெட்டியில்தான் போனேன். பரேல் வந்தால் ஒவ்வொரு பச்சை வளையலையும் பார்ப்பேன். அவள் கிடைக்கவில்லை. பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. புகைபோக்கிகளை இடித்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுப்பினார்கள். இப்போது பரேலில் இறங்குகிறவர்கள் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. மடியில் டிபன் பையோடு வந்த அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்க ஆளில்லை. பெயர்கூடக் கேட்டு வைக்காத ஒரு பெரியம்மா எனக்கும் அவர்களில் இருந்தாள்.