கொக்கியில் முதலாளி

எங்கள் கம்பெனி கிரேன் செய்கிறது. வேடசந்தூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. எதிரே இன்னொரு கொட்டகை, அங்கேயும் கிரேன்தான். முதலாளியின் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஆரம்பித்து, சண்டை போட்டு, நடு ரோட்டையே வரப்பாக்கிப் பிரிந்தார்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். சித்தப்பா எதிரே குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்.

ஆண்டு விழா முடிந்ததும் அச்சடிக்கும் மலருக்குக் கம்பெனி வரலாறு எழுதும் வேலை, பில் போடுகிற என் தலையில் விழுந்தது. “அப்பா ஒத்தையா நின்னு ஆரம்பிச்சாருன்னு எழுதும்மா. எதுத்தாப்புல இருக்குற ஆளு பேச்சே வரக்கூடாது” என்றார் முதலாளி. எழுதினேன். சம்பளக்காரிக்கு வரலாறாவது வெங்காயமாவது! பழைய போட்டோவிலிருந்தும் சித்தப்பாவைக் கத்தரித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அப்பாவின் தோளில் கிடந்த அவர் கையை மட்டும் வெட்ட முடியவில்லை.

ஒரு வழக்கத்தை மட்டும் பொய் கலக்காமல் எழுதினேன். புதுக் கிரேனுக்குப் பூசணிக்காய் உடைத்ததும், முதல் பாரமாக அப்பாவே கொக்கியில் ஏறி நிற்பாராம். ஊதினால் பறக்கிற அந்த மனுஷரைப் பத்து டன் மிஷின் தூக்கிவிட்டால் எல்லாரும் கைதட்டுவார்களாம். அதுதான் சோதனை.

விழாவுக்கு ஒரு நூல் மில் மேனேஜர் வந்திருந்தார், ஒட்டன்சத்திரத்துக்காரர். புது ஆலைக்கான கிரேன் அத்தனையும் எங்களுக்கே என்று பேச்சு. அது தவறினால் ஆளைக் குறைப்பேன் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். முதல் ஆள் நான்தான் என்பது எனக்குத் தெரியும்.

முதலாளிக்கு அப்பாவின் உடம்பு இல்லை, ஆசை மட்டும் உண்டு. விழாவுக்கென்று நிறுத்தியிருந்த புதுக் கிரேனின் கொக்கியில் பலகை கட்டி மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தார். கூரையை எட்டும்போது கரண்ட் போய்விட்டது.

“ஜெனரேட்டரப் போடுங்கடா!”

அது ரிப்பேரில் கிடந்தது. ஏணி கேட்டார். “கிரேன் கம்பெனிக்கு ஏணி எதுக்குண்ணே?” என்றார் ஃபிட்டர். பிரேக்கைக் கையால் தளர்த்தி மெல்ல இறக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

“ஏலே, தொட்டீக, தொலைச்சுப்புடுவேன்!” என்று மேலிருந்து அலறல். சொந்தத் தயாரிப்பின் மேல் அம்புட்டு நம்பிக்கை! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

செத்த நேரத்தில் எதிர்க் கொட்டகையிலிருந்து லாரிக் கிரேன் ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. முன் சீட்டில் சித்தப்பா. கூண்டை மேலே அனுப்பி, “பயப்படாத அப்பு, கம்பியப் புடிச்சுக்க” என்று குரல் கொடுத்து, அண்ணன் மகனைப் பூப்போல இறக்கினார்.

மேனேஜர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “பிரேக்கு நல்லாத்தானுங்க புடிக்குது. ஏத்துன ஆள எறக்கத்தான் தெரியலீங்களே” என்றார். பிறகு அந்த லாரிக்குப் பின்னாலேயே ரோட்டைத் தாண்டிப் போனார். ஆர்டரும் அவரோடு போய்விட்டது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். சீட்டுக் கிழிந்தது என்றே போனேன்.

“மலர் அச்சுக்குப் போயிருச்சாம்மா?”

“இல்லண்ணே.”

“சித்தப்பாவையும் சேத்துரு. ரெண்டு பேரும் உசுருக்கு உசுரா ஆரம்பிச்சாகன்னு எழுது.”

“ஏண்ணே?”

“அம்புட்டுக் கிரேனையும் அவரு ஒத்தையா செய்ய முடியுமா? பாதி வேல நமக்கு வரும்ல.”

ஓடிப்போய்க் குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். நல்லவேளை, சித்தப்பா கிடைத்துவிட்டார், ஒரு கை இல்லாமல்.